காலடிக் கல்லைத் தேடி

டென்மார்க்கிற்குப் புதிதாக வந்து சேரும் எமது உறவுகள் முதலில் சொல்லும் குறை இதுதான்: "இங்கே பார்க்க என்ன இருக்கிறது? மலையா, பாறையா? எங்கு திரும்பினாலும் புல்லும் காற்றும் மழையும்தான்." இதில் ஓரளவு உண்மை உண்டு. இந்நாட்டின் மிக உயரமான இயற்கை நிலம் கிழக்கு யூலண்டில் உள்ள மொல்லஹொய் என்னும் மேடு. அதன் உயரம் 171 மீற்றர்கூட இல்லை. எமது பீதுருதாலகாலையோ 2524 மீற்றர். மேட்டில் ஏறி நின்றாலும் சுற்றிவர வயலும் மாட்டுப்பட்டியும்தான் தெரியும்.

ஆனால் இந்நாட்டில் பாறை இல்லாமல் இல்லை, அது மூடிக் கிடக்கிறது. கடந்த பனிக்கட்டிக் காலங்களில் நோர்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் நகர்ந்து வந்த ஐஸ் பாளங்கள் தாம் சுரண்டிக் கொண்டுவந்த மண்ணையும் களியையும் கல்லையும் இந்நாட்டின் மேல் கொட்டிவிட்டுப் போயின. பல இடங்களில் ஐம்பது மீற்றர், சில இடங்களில் இருநூறு மீற்றருக்கு மேல் தோண்டினால்தான் உண்மையான அடிப்பாறை வரும். கடல் அரித்த செங்குத்துக் கரைகள், மனிதர் வெட்டிய கல்லுக்குழிகள், போர்ன்ஹொல்ம் தீவு என்று சில இடங்களில் மாத்திரமே அது வெயிலைக் காண்கிறது. இப்படி வெளித்தெரியும் பாறையைப் புவிச்சரிதவியலாளர்கள் 'பாறை வெளிப்பாடு' என்கிறார்கள். குறைவாக இருப்பதனால்தான் இங்கே ஒவ்வொரு வெளிப்பாட்டுக்கும் மதிப்பு அதிகம்.

ஹேர்னிங், ஹொல்ஸ்ரபுரோப் பக்கத்தில் வசிக்கும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து கடந்த இரண்டு கோடை விடுமுறைகளிலும் இந்த இடங்களைத் தேடிப் போனோம். வெறும் உல்லாசப் பயணமாக அல்ல. பார்த்த ஒவ்வொன்றையும் எல்லோரும் பார்க்கக்கூடிய பொது வரைபடம் ஒன்றில் சரிபார்த்து, விடுபட்டதைச் சேர்க்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த வேலை பற்றியும், அதனால் எமக்கு ஏற்பட்ட ஓர் எண்ணம் பற்றியும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பட்டியலும் வரைபடமும்

டெனிஸ்காரர் இந்த விடயத்தில் முன்கூட்டியே வேலை செய்து வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கின் புவிச்சரிதவியல் ஆய்வகம் 1888இல் தொடங்கப்பட்டது. 1995இல் அது கிறீன்லாந்துக்கான ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, இன்று 'கெயுஸ்' என்ற சுருக்கப் பெயரில் இயங்குகிறது. 1984இல் இயற்கைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச திணைக்களம் நாடு முழுவதிலும் தேசிய முக்கியத்துவம் உள்ள சுமார் 200 புவிச்சரிதவியல் இடங்களைத் தெரிந்து பட்டியலிட்டது. தொண்ணூறுகளில் அந்த இடங்களை விளக்கும் 'கெயோலொகிஸ்க் சேற்' என்ற நூல் வரிசையும் டெனிஸ் மொழியில் வெளிவரத் தொடங்கியது. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டாலும் வேறு நூலகத்திலிருந்து எடுத்துத் தருவார்கள்.

இவை நிபுணர்கள் செய்தவை. இவற்றோடு சேர்த்து, சாதாரண மக்களே கட்டியெழுப்பும் வரைபடம் ஒன்றும் உண்டு. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ரீற் மப்' என்பது அது. கணக்கு ஒன்றைத் திறந்தால் யாரும் அதில் ஓர் இடத்தைக் குறிக்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், முழுத் தரவையும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் ஒவ்வொரு பொருளும் 'இது என்ன வகை' என்ற குறியீட்டோடு பதியப்படுகிறது. கிணறு, கோயில், பஸ் தரிப்பிடம் போல வெளித்தெரியும் பாறைக்கும் தனிக் குறியீடு உண்டு. பெயரைப் பல மொழிகளிலும் எழுத இடம் உண்டு, தமிழ் உட்பட. டெனிஸ் அரசும் 2013 ஜனவரி 1 முதல் தன்னுடைய நில வரைபடத் தரவுகளை யாவருக்கும் இலவசமாக்கியது. முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த உயர அளவுகளை இன்று பள்ளிப் பிள்ளையும் எடுத்துப் பார்க்கலாம்.

நிபுணரின் பட்டியலில் பாறையின் வயதும் பெயரும் இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய் அங்கே போக முடியுமா, பஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கும், படிக்கட்டு உடைந்திருக்கிறதா என்பவை இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பப் படிப்புத் தேவையில்லை, போய்ப் பார்த்து எழுதும் பொறுமை போதும்.

சேபி: எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய காடு

முதலில் பக்கத்திலேயே தொடங்கினோம். ஹேர்னிங்கிற்குத் தெற்கே சேபி என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரி அகழ்ந்த குழிகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு நிலக்கரி வருவது தடைப்பட்டதால் 1940இல் இங்கே தோண்டத் தொடங்கி 1970 வரை தோண்டினார்கள். இன்று அந்தக் குழிகள் ஏரிகளாக நிற்கின்றன. வெட்டிக் கொட்டிய மணல் குன்றுகளாகக் கிடக்கிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. அமிலத்தன்மை கூடியதால் அதில் உயிர்கள் அதிகம் வாழ முடியாததே அந்தத் தெளிவுக்குக் காரணம். மணல் திடீரெனச் சரியக்கூடிய பகுதிகளில் எச்சரிக்கைப் பலகை உண்டு. அதைத் தாண்டிப் போகவே கூடாது.

இந்த நிலக்கரி மயோசீன் காலத்துச் சதுப்புக் காட்டின் மிச்சம். மயோசீன் என்பது சுமார் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அப்போது யூலண்ட் இன்றையதைவிட வெகு சூடான நாடு. ஆறுகள் வடக்கிலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்ட, கரையோரச் சதுப்பில் மரங்கள் வளர்ந்து விழுந்து புதைந்தன.

இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லும் இதே மயோசீன் காலத்தது. இங்கே காடு அழுகிக் கரியாகிய அதே யுகத்தில், அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் முருகையும் படிந்து கல்லாகிக்கொண்டிருந்தன. இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய கடும்பாறை, அதாவது திருகோணமலையிலும் வன்னியிலும் நாம் பார்த்த கல். வடக்கின் சுண்ணாம்புக்கல் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. நாம் பிறந்த மண்ணின் கல்லும் குடியேறிய மண்ணின் கரியும் ஒரே காலத்தவை என்று அறிந்தபோது, சேபியின் மணல்மேட்டில் நின்ற எங்கள் பிள்ளைகள் முதல் தடவையாக யாழ்ப்பாணத்தின் கல்லைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள்.

அலைந்து வந்த கற்கள்

ஹொல்ஸ்ரபுரோ, ஸ்ருவர், லெம்விக் ஆகிய மூன்று கொம்யூன்களும் சேர்ந்த பகுதி 2021இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காவாக ஏற்கப்பட்டது. அந்த ஊர்களில் வாழும் எமது குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. லெம்விக்கிற்கு மேற்கே கடற்கரையில் போபியர் என்ற நாற்பது மீற்றர் உயரக் கரை இருக்கிறது. அதன் மேல் 1877இல் கட்டிய சிவப்பு வெளிச்ச வீடு நிற்கிறது. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ஐஸ், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்தக் கோட்டில் வந்து நின்றது. இதற்கப்பால் போகவில்லை. அந்தக் கோடு இங்கிருந்து கிழக்கே வீபோர் பக்கம் போய், பின் தெற்கே திரும்பி ஜேர்மனிக்குள் போகிறது. கோட்டிற்கு மேற்கே ஐஸ் உருகி ஓடிய நீர் மணலைப் பரப்பிவிட்டது. மேற்கு யூலண்டில் சைக்கிளில் போகும்போது மேடில்லாமல் எதிர்க்காற்று மட்டும் வாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கரையின் அடியில் கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். டெனிஸ் மொழியில் இப்படிப்பட்ட பெரிய கற்களை 'வன்ட்ரபுளொக்' என்பார்கள். அலைந்து திரிந்த கல் என்று பொருள். சிலவற்றின் ஊரைத் துல்லியமாகச் சொல்லலாம். பனங்கட்டியில் தேங்காய்ச் சொட்டைப் பதித்தது போன்ற ஒரு கபில நிறக் கல் உண்டு, சொட்டுகள் சாய்சதுர வடிவில் இருக்கும். அது நோர்வேயின் ஒஸ்லோப் பகுதியிலிருந்து வந்தது. பின்லாந்திற்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள ஓலண்ட் தீவுகளின் செந்நிறக் கருங்கல்லும் டெனிஸ் கடற்கரைகளில் கிடைக்கிறது. ஒரு கல்லைப் பார்த்து அது எந்த வழியால் வந்தது என்று சொல்லக்கூடியதாக இருப்பதனால்தான் ஐஸ் நகர்ந்த பாதையையே விஞ்ஞானிகள் வரைந்தார்கள்.

இந்தக் கற்களில் மிகப் பெரியது பியூன் தீவில் ஹெசலேயர் என்ற ஊருக்கு அருகே உள்ள 'டாமஸ்ரேனன்'. பன்னிரண்டு மீற்றர் உயரம், 46 மீற்றர் சுற்றளவு, ஏறத்தாழ ஆயிரம் தொன் நிறை. லாங்கலண்ட் தீவிலிருந்த ஓர் இராட்சசி, கோயில் மணியோசை பொறுக்காமல் தேவாலயக் கோபுரத்தை நோக்கி எறிந்த கல் இது என்று ஊர்க்கதை சொல்கிறது. எங்களோடு வந்த அம்மம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்கட நிலாவரைக் கிணறு இராமர் அம்பு விட்டதால வந்தது என்று சொல்லுறதும் இப்படித்தான்" என்றார். இராட்சசியும் இராமரும் வேறு வேறு. ஆனால் விளங்காத ஒன்றைக் கண்ட மனிதர் சும்மா கடந்து போகவில்லை, ஒரு கதையோடு அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றே.

சாம்பல் கோடுகளும் மீன் களியும்

லீம்பியோர்ட் நீரேரியிலுள்ள பூர் தீவிற்குப் பிரண்டன் என்ற துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணம். அங்கும் பக்கத்து மோர்ஸ் தீவின் ஹன்கிளிற் கரையிலும் 'மோலர்' என்ற இலேசான மண் வெளித்தெரிகிறது. சுமார் 5 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத டயற்றம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண் இது. வெளிர்நிற மண்ணில் கறுப்புக் கோடுகள் வரிவரியாக ஓடும். ஏறத்தாழ இருநூறு கோடுகள். ஒவ்வொன்றும் ஓர் எரிமலை வெடித்துக் கொட்டிய சாம்பல். கிறீன்லாந்தும் ஐரோப்பாவும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வட அத்திலாந்திக் கடல் திறந்த காலத்தின் எரிமலைகள் அவை. பின்னர் வந்த ஐஸ் இந்தப் படைகளைத் தள்ளி மடித்துவிட்டது. அதனால் கோடுகள் சேலை மடிப்புப் போல வளைந்து நிற்கின்றன. மீன், பறவை, பூச்சி என்று பல உயிர்களின் அச்சு இந்த மண்ணில் கிடைத்திருக்கிறது. பூர் நூதனசாலையில் அவற்றைப் பார்க்கலாம்.

சேலண்டின் தென்கிழக்கில் உள்ள ஸ்ரெவ்ன்ஸ் கிளின்ற்தான் எங்கள் பயணத்தில் மிகத் தூரமானது. பதினைந்து கிலோமீற்றர் நீளத்திற்குக் கடலோரமாக நிற்கும் வெள்ளைக் கரை. 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கீழே பள்ளிக்கூடத்து வெண்கட்டி போன்ற மென்மையான சுண்ணாம்பு. மேலே கடினமான சுண்ணாம்புக்கல். இரண்டிற்கும் நடுவே, விரற்கடை அளவிலிருந்து சில அங்குலம் வரையான ஒரு கரும்படை. 'மீன் களி' என்று பெயர். அந்தக் களிக்குக் கீழே டைனோசர் காலம், மேலே அவை அழிந்த பின்னான காலம். இடையில் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த அழிவு. கீழே உள்ள படை மூத்தது, மேலே உள்ளது இளையது என்ற விதியை 1669இல் எழுதியவரே கொப்பன்ஹேகனில் பிறந்த நீல்ஸ் ஸ்ரென்சன் என்ற டெனிஸ்காரர்தான்.

1980இல் லூயிஸ் அல்வாரஸ், அவர் மகன் வால்ற்றர் அல்வாரஸ் முதலான அமெரிக்க விஞ்ஞானிகள் இத்தாலி, டென்மார்க், நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் இந்த எல்லைப் படையைச் சோதித்தார்கள். இரிடியம் என்ற உலோகம் பூமியின் மேற்பரப்பில் அபூர்வம், விண்கற்களில் அதிகம். இத்தாலியில் அது வழமையைவிட 30 மடங்கும், நியூசிலாந்தில் 20 மடங்கும் இருந்தது. ஸ்ரெவ்ன்ஸ் களியிலோ 160 மடங்கு. பெரிய விண்கல் ஒன்று பூமியில் மோதியதே அந்த அழிவுக்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். உலகமே பேசிய கண்டுபிடிப்பின் சாட்சி, படிக்கட்டால் இறங்கித் தொட்டுப் பார்க்கக்கூடிய உயரத்தில் இருக்கிறது.

அதே கரையில் ஹொயரப் என்ற இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் உண்டு. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து 1928இல் அதன் முன்பகுதியை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு நத்தார் இரவும் அந்தத் தேவாலயம் ஒரு சேவல் அடி தூரம் உள்நோக்கி நகர்கிறது என்பது பழைய ஐதீகம். கடலின் வேகத்திற்குச் சேவல் அடி போதவில்லை. அங்கிருந்து தெற்கே உள்ள மோன்ஸ் கிளின்ற் 2025 யூலையில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் உச்சி 128 மீற்றர். அங்கும் 2007இல் 'பெரிய பேச்சாளன்' என்று டெனிஸ்காரர் பெயரிட்ட பகுதி சரிந்து கடலுக்குள் போனது. கரையோரப் பாறையை இன்று எழுதி வைக்காவிட்டால் அடுத்த மாரிக்குப் பின் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு பதிவில் என்ன எழுதுவது?

முதற் பயணம் முடிந்து வந்ததும் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரு வீட்டில் கூடி, ஒவ்வொரு இடத்திற்கும் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். இடத்தின் டெனிஸ் பெயர், தமிழில் அதன் உச்சரிப்பு, அகலாங்கு நெட்டாங்கு, கண்ணால் காண்பது என்ன, நூல் சொல்லும் வயது, பாதையின் நிலை, ஆபத்து, பார்த்த திகதி. இவ்வளவும் இருந்தால் அந்த இடத்தைக் காணாத ஒருவர் போய் வரலாம். கண்ணால் கண்டதையும் நூலில் வாசித்ததையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று பிள்ளைகள் வலியுறுத்தினார்கள். அது நல்ல யோசனை. பாறையின் நிறத்தை நாங்கள் சொல்லலாம், வயதை நாங்கள் சொல்ல முடியாது.

தமிழ்ப் பெயரிலேயே முதல் வாக்குவாதம். ஸ்ரெவ்ன்ஸா, ஸ்டெவ்ன்ஸா? அப்பாமார் 'ர' என்றார்கள். தமிழகத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த இளையவர்கள் 'ட' என்றார்கள். இரண்டையும் தேடுவோர் இருப்பார்கள் என்பதால் இரண்டையும் எமது குறிப்பேட்டில் வைத்தோம்.

இரண்டாவது வாக்குவாதம் கொஞ்சம் பெரியது. உயிர்ச்சுவடுகள் அதிகம் கிடைக்கும் சரியான புள்ளியை எழுதலாமா? "பொது வரைபடம் என்றால் எல்லாம் பொதுதான்" என்றார் ஒருவர். "சுத்தியலோடு வருபவனுக்கும் வழி காட்டுவதா?" என்று கேட்டார் இன்னொருவர். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: நூதனசாலையும் வாகனத் தரிப்பிடமும் பாதையும் உள்ள, மக்கள் வழமையாகப் போகும் இடங்களை முழுமையாக எழுதுவது. தனியார் காணிக்குள் இருப்பதையும் சரியும் கரையையும், அனுமதியும் எச்சரிக்கையும் இல்லாமல் எழுதாமல் விடுவது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பது, 'இங்கே வாருங்கள்' என்று ஒருவரை அழைப்பதற்குச் சமம். அழைத்தவருக்குப் பொறுப்பு உண்டு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990 முதல் டென்மார்க்கில் 'டானகிறே' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. விஞ்ஞான மதிப்போ காட்சி மதிப்போ மிகுந்த உயிர்ச்சுவடு அல்லது கல் யார் கையில் கிடைத்தாலும் அது அரசுக்கு உரியது, நூதனசாலையிடம் ஒப்படைக்க வேண்டும். கண்டெடுத்தவருக்குச் சன்மானம் உண்டு. ஸ்ரெவ்ன்ஸ் கரையைக் கொத்தவோ தோண்டவோ கூடாது, உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். உடைத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை பக்ஸே சுண்ணாம்புக் குழிக்கு அல்லது தென் யூலண்டின் கிறாம் களிக்குழிக்குக் கூட்டிப் போங்கள். பக்ஸேயில் பழைய முருகைப்பார் கல்லாகி நிற்கிறது. கிறாமில் மயோசீன் காலத் திமிங்கிலங்களின் எலும்பு கிடைத்திருக்கிறது.

கிணற்றின் கதை

இந்த வேலையின்போது எங்களை மிகவும் யோசிக்க வைத்தது பாறை அல்ல, கிணறு. டென்மார்க்கில் குழாயில் வரும் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடி நீர். ஆற்று நீரோ குளத்து நீரோ அல்ல. அதனால் 1926ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம்: கிணறு துளைப்பவர் எத்தனை மீற்றரில் என்ன மண், என்ன கல், எங்கே தண்ணீர் என்ற விபரத்தைப் புவிச்சரிதவியல் ஆய்வகத்திற்கு அறிவிக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட துளைகளின் விபரம் இன்று 'யூப்பிற்றர்' என்ற தரவுத்தளத்தில் யாவரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் துளையைத் திறந்து பார்த்தோம். மேலே மணல், கீழே களி, பிறகு மீண்டும் மணல் என்று அளவோடு எழுதியிருந்தது. துளைத்தவர் இன்று உயிரோடு இருப்பாரோ தெரியாது. அவர் கண்டது இருக்கிறது.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் வலிகாமத்தில் முப்பது வருடம் கிணறு வெட்டியவர். அவர் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் ஊரைச் சொல்லத் தொடங்கினார். எந்த வளவில் செம்பாடு எத்தனை முழம், எங்கே அலவாங்கு போதும், எங்கே வெடி வைக்க வேண்டும், எந்தப் பக்கம் ஊற்றுக்கண் திறக்கும், எந்தக் கிணற்றில் ஆவணிக்குப் பிறகு சவர் ஏறும் என்று ஒழுங்கையாக ஒழுங்கையாகச் சொன்னார். அவர் சொன்னவை எந்தத் திணைக்களத்திலும் எழுதப்பட்டவையல்ல, அவருடைய மனதில் மாத்திரம் இருந்தவை.

யாழ்ப்பாணமும் டென்மார்க்கைப் போல நிலத்தடி நீரை நம்பி வாழும் பூமி. ஆறில்லை. மழை நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பிலும் பொந்திலும் இறங்கி, கீழே உள்ள உவர் நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். கீரிமலையில் கடலுக்கு ஓரடி இப்பால் நன்னீர் பொங்குவதும் இதனால்தான். அதிகம் இறைத்தால் உவர் மேலே ஏறும். ஓரிடத்தில் அழுக்கு விழுந்தால் பொந்துகள் வழியே வேறிடம் போகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான வேளையில், இந்தக் கிணறு முன்பு எப்படி இருந்தது என்று காட்ட எழுத்தில் ஒன்று வேண்டும்.

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தார்கள். 1990இல் போரினால் ஆலை நின்றது. அகழ்ந்த குழிகள் நிற்கின்றன. வடக்கு யூலண்டின் ஓல்போரிலும் 1889இல் தொடங்கிய சீமெந்து ஆலை அதே போல வெண்சுண்ணாம்பை அகழ்கிறது. அந்தக் குழியின் ஒவ்வொரு படையையும் டெனிஸ்காரர் அளந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் குழிகளில் எதையெல்லாம் கண்டார்கள் என்பதை அங்கே வேலை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் முதியவர்களாக இருக்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் சில பகுதிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பிப் போனவர்கள் வேலி இல்லாமல், வீடு இல்லாமல், தூர்ந்து போன கிணற்றை வைத்தே தமது வளவை அடையாளம் கண்டார்கள்.

ஆகவே இரண்டாவது கோடையில் எங்கள் வேலை இரண்டாகியது. பகலில் டெனிஸ் பாறைகளைப் பொது வரைபடத்தில் எழுதினோம். மாலையில் பெரியவர்களை இருத்தி ஊர்க் கிணறுகளை ஒரு கொப்பியில் எழுதினோம். கொப்பியில் உள்ளதை அப்படியே பொது வரைபடத்தில் போடவில்லை. நினைவில் உள்ளது நாற்பது வருடத்துக்கு முந்தையது. மேலும் பல கிணறுகள் தனியார் வளவில் உள்ளவை. ஊரில் இருக்கும் உறவுகள் போய்ப் பார்த்து, காணிக்காரரின் சம்மதத்தோடு உறுதி செய்த பிறகே அவை வெளியே வர வேண்டும். கோயில் கேணி, தெருவோரப் பொதுக் கிணறு போன்றவற்றிலிருந்து தொடங்குகிறோம். இதுவரை ஒரு கொப்பி நிறைந்திருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

புதிதாக வந்த குடும்பங்களுக்கு முதலில் சொல்வது: வாடகை, மொழி வகுப்பு, பிள்ளைகளின் பள்ளி என்று உங்கள் கை நிறைய வேலை இருக்கிறது, அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள கரைக்கோ குழிக்கோ போய் வாருங்கள். கடற்கரையில் கல் பொறுக்கக் கட்டணம் இல்லை. சோற்றுப் பார்சலும் சப்பாத்தும் மழை அங்கியும் போதும். பெருமழைக்குப் பின்னும், மாரி முடிந்து ஐஸ் உருகும் நாட்களிலும் உயர்ந்த கரைகளின் கீழே நடக்காதீர்கள். போகுமுன் கடல்மட்டத்தையும் காற்றையும் பாருங்கள். பிள்ளைகளை முன்னால் விட்டுப் பெரியவர்கள் பின்னால் போக வேண்டாம்.

நாட்பட்டவர்களுக்குச் சொல்வது: உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எந்த நேரமும் வரைபடம் பார்க்கிறார்கள். அதில் எழுதவும் முடியும் என்று காட்டுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாறை அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் போய்ப் பார்த்து, பாதையும் பஸ்ஸும் சரியா என்று திருத்தட்டும்.

எல்லோருக்கும் சொல்வது: வீட்டில் கிணறு வெட்டியவர், கல்லுடைத்தவர், சீமெந்து ஆலையில் வேலை செய்தவர், தோட்டத்திற்கு நீர் இறைத்தவர் யாராவது இருந்தால், இந்த மாரி இரவுகளில் அவரோடு ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு இருங்கள். ஊர், ஒழுங்கை, கிணற்றின் பெயர், எத்தனை முழம், என்ன கல், நன்னீரா உவரா, யார் வெட்டியது, எந்த ஆண்டு. இந்த எட்டையும் கேளுங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுதி முடித்ததும் சொன்னவருக்கே திருப்பி வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பெரியவர் அப்படி வாசித்துக் காட்டியபோது மூன்று கிணறுகளைத் திருத்தினார், இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அடுத்த ஞாயிறும் அவரிடம் போகிறோம்.